பழைய நோட்டு – 1 – அட்டை கிழிந்தது

கல்லிடைக்குறிச்சியில் என் அண்ணன் விட்டுச்சென்ற புத்தகங்களைப் பட்டியல் போட ஆள் வைத்தோம். அந்த வேலையைப் பற்றிய மதிப்புரை இது. பாளையங்கோட்டையில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்துகிற சிறிய தொழில். வீட்டு நூலகம், வக்கீல் அலுவலகம், பள்ளிக்கூட அலமாரி எதுவானாலும் வந்து, தூசி தட்டி, எண்ணி, கணினியில் ஏற்றி, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல வேண்டியிருக்கிறது; சொன்ன குறையைக் கேட்டுத் திரும்பி வந்து சரிசெய்த பிள்ளைகளின் பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. இதே தொழில் செய்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடும் முன் இதைப் படித்தால் எனக்கு நேர்ந்த அலைச்சல் உங்களுக்கு நேராது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு பொடி விஷயத்துக்குச் சண்டை போடுகிறேன் என்று தோன்றும். விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை ஸ்டோர்ஸில் 34 வருடம் வேலை பார்த்தவன். பேரிங், பெல்ட், டிராவலர், நட்டு, போல்ட்டு, எண்ணெய்ப் பீப்பாய் எல்லாம் என் கைவழியாகத்தான் போகும், வரும். மார்ச் கடைசியில் இருப்பு எடுப்பது எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி; சாப்பாடு கூட ஸ்டோர்ஸுக்கே வந்துவிடும். ஆகையால் பட்டியல் என்றால் எனக்குப் பயபக்தி உண்டு.

அண்ணன் அம்பாசமுத்திரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் காலமானார். வீட்டின் பட்டாசலில் (பெரிய கூடம்) நான்கு அலமாரி, தார்சாவில் (முன்கூடம்) இரண்டு, மச்சில் (மாடி) மூன்று, அரங்கில் (உள்ளறை) மூட்டை மூட்டையாக. மதினிக்கு 78 வயது. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று ஊரில். "யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் என்ன இருக்கிறது என்று முதலில் யாராவது எழுதி வையுங்கள்" என்று மதினி சொன்னார். அப்போதுதான் இந்தப் பிள்ளைகளின் துண்டறிக்கை என் கண்ணில் பட்டது. "உங்கள் நூலகத்துக்கு முழு இண்டெக்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புத்தகம் ஒன்றுக்கு 7 ரூபாய்.

நான்கு நாள் வேலை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு தட்டையும் முதலில் போட்டோ எடுத்தார்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று விளம்பரத்துக்குப் போடுவதற்காம். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, மென்மையான தூரிகையால் தட்டி, ராமபாணப் பூச்சி அரித்தவற்றைத் தனியே கட்டி, தட்டின் மூலையில் வசம்புத் துண்டு போட்டார்கள். பின்னட்டையில் பட்டைக்குறி (பார்கோடு) இருக்கும் புத்தகத்தைக் கருவியில் காட்டினால் பெயரும் ஆசிரியரும் தாமாக வந்து விழுகின்றன. ஆனால் அந்தக் குறியில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் சர்வதேச முறையாக வந்ததே 1970இல். அண்ணனின் புத்தகங்களில் முக்கால்வாசி அந்த எண்ணே இல்லாதவை. அந்தப் பெண் பிள்ளை அத்தனையையும் கையால் தட்டச்சு செய்தது. அதன் விரல் போன வேகத்தைப் பார்த்து மதினி காப்பியை ஆற வைத்துவிட்டு நின்றார்.

மூன்றாம் நாள் மதினி சொதி வைத்தார், இஞ்சித் துவையலோடு. மதிப்புரைக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அந்த மூத்த பையன் மூன்றாம் முறை சாதம் கேட்டபோதே அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பிற்பாடு நான் அதிகம் கத்தாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் சுருள்கம்பி போட்ட தடிமனான ஒரு பட்டியல் வந்தது. மொத்தம் 1,846 புத்தகங்கள். வரிசை எண், நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், எண்ணிக்கை, நிலை என்று எட்டுப் பத்திகள். 12,922 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பழைய வழக்கப்படி 50 வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 49 சரி. ஒன்றில் உரையாசிரியரை மூலநூல் ஆசிரியர் ஆக்கியிருந்தார்கள். தணிக்கையில் இந்த அளவு சரியாக வந்தால் எங்கள் ஆலையில் மேலதிகாரி கை குலுக்குவார்.

அகர வரிசை மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பவளம் என்று தொடங்கும் நூலுக்கு முன்னால் பழமொழி நூல் நிற்கிறது. பயணக் கதைக்கு முன்னால் பனை வந்துவிட்டது. நம் பள்ளிக்கூட நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்றுதானே வரும்? கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் அட்டவணையில் ந பக்கத்திலேயே ன, ர பக்கத்திலேயே ற, ழவும் ளவும் வவுக்கு முன்னால். கணினிக்கு யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது அந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். அண்ணன் பார்த்திருந்தால் சிவப்பு மையை எடுத்திருப்பார். நான் தமிழாசிரியன் இல்லை, விட்டுவிட்டேன்.

வினை அடுத்த மாதம் வந்தது. அண்ணன் பேத்தி பாளையங்கோட்டையில் முதுகலை வரலாறு படிக்கிறாள். கன்னடியன் கால்வாயைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றித் தாத்தா வீட்டில் இல்லாத புத்தகமா என்று சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் பெருமையாகச் சுருள்கம்பிப் பட்டியலை எடுத்து நீட்டினேன். க வரிசையில் கன்னடியன் இல்லை. அ வரிசையில் அணைக்கட்டு இல்லை. கா வரிசையில் கால்வாய் இல்லை. இருக்காது; அந்தத் தலைப்பில் யாரும் தனிப் புத்தகம் எழுதி அண்ணன் வாங்கவில்லை. அவருக்குத் தெரிந்த கன்னடியன் எல்லாம் வேறு ஏதோ புத்தகத்தின் நடுப்பக்கத்தில் இருந்தது. 1,846 வரிகளும் சரியாக இருந்தன. அவளுக்கு ஒரு வரிகூட உதவவில்லை.

மதினி அடுக்களையிலிருந்து கேட்டார்: "தம்பி, உங்கள் அண்ணன் ஒரு நோட்டு வைத்திருப்பாரே, அதைப் பார்த்தீர்களா?"

நோட்டைத் தேடினோம். பட்டியலில்தான் கிடைத்தது. வரிசை எண் 1,412: பழைய நோட்டு. ஆசிரியர், கோடு. பதிப்பகம், கோடு. எண்ணிக்கை 1. நிலை, அட்டை கிழிந்தது. "இதர" என்று எழுதிய அட்டைப்பெட்டியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடந்தது. திறந்தால் அண்ணனின் குண்டு எழுத்து, க பக்கம்:

கன்னடியன் கால்வாய் – ப.3.2.11, ம.1.4.6, தா.2.1.3, அர. நீல மூட்டை.

ஏழு இடங்கள் குறித்திருந்தார், நான்கைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ப என்றால் பட்டாசல். மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு, இடமிருந்து பதினொன்றாவது புத்தகம். ம என்றால் மச்சு, தா என்றால் தார்சா, அர என்றால் அரங்கு. எங்கள் ஸ்டோர்ஸில் ராக்கு, தட்டு, பெட்டி என்று நாங்கள் வைத்திருந்த அதே முறை. என்னிடம் கேட்டுத்தான் பழகினாரோ என்னவோ, வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. இன்னும் பல பக்கம் தள்ளி: "மிளகுப் பிள்ளையார் – காண்க: கன்னடியன் கால்வாய்." சேரன்மகாதேவியில் மழை பொய்த்தால் பிள்ளையாருக்கு மிளகை அரைத்துப் பூசி அபிஷேகம் செய்வார்கள், அந்தத் தண்ணீர் கால்வாயில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. கால்வாய் என்று தேடாமல் மிளகு என்று ஒருவன் தேடி வருவான் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. வரப்போகிறவன் எந்த வாசலைத் தட்டுவான் என்று யோசித்து ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்.

பேத்தி ஓடிப்போய்ப் பட்டாசலில் மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு, பதினொன்றாவது புத்தகத்தை எடுத்தாள். சித்த வைத்திய நூல். நல்ல நூல்தான், கன்னடியன் இல்லை. பிள்ளைகள் துடைத்து முடித்து, எல்லாவற்றையும் அகர வரிசைப்படி திரும்ப அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்பது வருடமாக அண்ணன் கட்டிய நோட்டு நான்கு நாளில் ஒரே நேரத்தில் 1,846 இடங்களில் பொய்யாகிவிட்டது. அவர்கள் பட்டியலில் மட்டும் ஓர் எழுத்து மாறவில்லை. புத்தகம் வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் அந்தப் பட்டியலுக்கு ஒன்றுதான்.

போன் போட்டேன். பெரிய பையன் எடுத்தான். "சார், இண்டெக்ஸ்தான் கொடுத்திருக்கிறோமே, அகர வரிசையில்?" என்றான். அவன் ஏமாற்றவில்லை. அவனுக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரியவில்லை. அகர வரிசையில் இருந்தால் அது இண்டெக்ஸ் என்று நினைத்திருக்கிறான். எனக்குக் கோபம் போய்விட்டது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்வதுபோல ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்டோர்ஸில் 6204 என்று ஒரு பேரிங் உண்டு. உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. உலகத்தில் எங்கே வாங்கினாலும் இந்த அளவுதான். இருப்புப் பதிவேட்டில் 6204க்கு ஒரே ஒரு பக்கம். வந்தது, போனது, மிச்சம். அதே பேரிங்குக்கு இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தால் தவறு. சில சமயம் திருட்டு. இன்வென்டரிக்கு, அதாவது இருப்புப் பட்டியலுக்கு, அதுதான் தர்மம்: உள்ளது எல்லாம் வர வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வர வேண்டும், தொகை கூட்டிப் பார்த்தால் சரியாக வர வேண்டும். ஆனால் இரவு ஷிப்டில் மெஷின் நின்றுபோய் ஓடிவருகிற பிட்டருக்கு (மெஷினைப் பழுது பார்ப்பவர்) 6204 என்ற எண் தெரியாது. "கார்டிங்கில் அந்த ஓரத்துப் பேரிங்" என்று மெஷின் பெயரைத்தான் சொல்வான். அவனுக்காக வேறொரு நீள நோட்டு வைத்திருந்தோம். அதில் அதே 6204 கார்டிங்குக்குக் கீழே ஒரு தடவை, டிராயிங்குக்குக் கீழே ஒரு தடவை, சிம்ப்ளக்ஸுக்குக் கீழே ஒரு தடவை, மோட்டாருக்குக் கீழே ஒரு தடவை வரும். நான்கையும் கூட்டி நாலு பேரிங் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நோட்டுக்குத் தொகையே கிடையாது. யாரும் கேட்காத சாமானை அதில் எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை. ஆனால் எங்கே என்பதை எழுதாமல் விட்டால் அந்த நோட்டை அடுப்பில் போடலாம்.

"அப்படியானால் எங்களுடையது ஜாபிதாவா சார்?" என்று கேட்டான். சரியாகப் பிடித்துக்கொண்டான். கல்யாணத்தில் சீர்ப் பாத்திரத்துக்கு எழுதுவோமே, குத்துவிளக்கு 2, அண்டா 1, தாம்பாளம் 5 என்று, அதுதான். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது எண்ணிக்கை சரியா என்று பார்க்கத்தான் ஜாபிதா. தாம்பாளம் எந்த அறையில் இருக்கிறது என்று அதைக் கேட்கக் கூடாது.

அன்றிரவு அண்ணனின் அகராதிகளைப் புரட்டினேன் (அவையும் ப வரிசை, ல வரிசை என்று மாறிப்போயிருந்தன, தேடி எடுத்தேன்). இண்டெக்ஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் சுட்டுவிரல் என்று பொருள். காட்டிக் கொடுக்கிறவன் என்றும் பொருள். நாமும் அதே விரலை ஆள்காட்டி விரல் என்கிறோம்! இன்வென்டரி லத்தீனில் கண்டெடுப்பது என்ற வினையிலிருந்து வந்தது; கண்டெடுத்தவற்றின் பட்டியல். ஒருவர் இறந்த பின் வீட்டில் என்னென்ன கிடைத்தது என்று எழுதுவதற்கு அந்தச் சொல் ரொம்பப் பொருத்தம். ஆக, அந்தப் பிள்ளைகள் செய்ததும் பிழையில்லை. நான் சுட்டுவிரலைக் கேட்டேன், அவர்கள் கண்டெடுத்ததைக் கொடுத்தார்கள்.

தமிழில் நாமும் கொஞ்சம் அசட்டையாகத்தான் இருக்கிறோம். அட்டவணை என்ற ஒரே சொல்லை ரயில் நேரத்துக்கும் போடுகிறோம், புத்தகத்தின் கடைசியில் வருவதற்கும் போடுகிறோம், கடைச் சரக்குக்கும் போடுகிறோம். இத்தனைக்கும் சொல்லடைவு, பெயரடைவு, பொருளடைவு என்று அழகான சொற்கள் இருக்கின்றன. அடைவு, போய்ச் சேருகிற இடம். சரக்குக்கு இருப்பு என்ற சொல் இருக்கிறது, அதைவிடத் துல்லியமாக ஒன்று வேண்டாம். உ.வே.சா. ஏட்டுச்சுவடி தேடித் திருநெல்வேலிக்கு வந்தவர். சுவடியைக் கண்டெடுத்ததோடு நிற்காமல், அச்சிட்ட நூல்களில் அரும்பதங்களுக்கு அகராதியும் சேர்த்தார். கண்டெடுப்பது ஒரு வேலை, சுட்டுவது இன்னொரு வேலை. அவர் இரண்டையும் செய்தார்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் நூலக எண் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, நல்லெண்ணம்தான். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போட 1876இல் அமெரிக்காவில் வந்த டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. பெரிய நூலகத்தில் அது பிரயோஜனம். தமிழாசிரியர் வீட்டில்? ஆயிரத்துக்கு மேற்பட்ட முதுகுகளில் அதே 894.811. எங்கள் தெருவில் நின்று "நெல்லையப்பா" என்று கூப்பிட்ட மாதிரி. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அண்ணன் அதை அடிக்கடி சொல்வார், பெரும்பாலும் நான் செய்தித்தாளை மடிக்காமல் போட்டுவிட்டுப் போகும்போது.

இனி அவர்கள் செய்த நல்லது. போன் பேசிய மூன்றாம் நாளே வந்துவிட்டார்கள். விளம்பரத்துக்கு எடுத்த அந்த "முன்" போட்டோக்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ஒவ்வொரு தட்டையும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, முதுகெழுத்தைப் படித்து, பழைய இடத்திலேயே அடுக்கினார்கள். மூன்று நாள். காசு வாங்கவில்லை. ப.3.2.11 இல் 1917ஆம் ஆண்டு மாவட்டக் கெசட்டியரின் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) நகல் பிரதி மறுபடியும் வந்து உட்கார்ந்தது. பேத்தி அதை எடுத்துக்கொண்டு தார்சாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

நோட்டையும் கணினியில் ஏற்றித் தரச் சொன்னேன். மொத்தம் 612 குறிப்புகள். குறிப்புக்கு 3 ரூபாய் பேசி 1,836 ரூபாய் கொடுத்தேன். இருப்புப் பட்டியலில் "இடம்" என்று ஒன்பதாவது பத்தி சேர்த்தார்கள். இப்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. நோட்டு சுட்டும் இடத்தில் பட்டியலில் ஒன்றுமே இல்லாமல் போன 23 புத்தகங்கள் அப்படித்தான் தெரியவந்தன. இரவல் போய்த் திரும்பாதவை. அண்ணனின் நோட்டு மட்டும் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. சுட்டுவிரல் காலியான இடத்தையும் அதே உறுதியோடுதான் சுட்டும். இதற்கு இருப்பு எடுத்தவன் வேண்டும். 23இல் நான்கு என் வீட்டிலேயே இருந்தன. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

ஆகவே, இவர்களையோ இவர்கள் போன்றவர்களையோ கூப்பிடுபவர்களுக்கு: எண்ணவும் துடைக்கவும் தாராளமாகக் கூப்பிடலாம், 7 ரூபாய் நியாயம். பாகப்பிரிவினைக்கு இந்தப் பட்டியல் போதும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், ஆனால் நோட்டைப் பார்த்த பிறகு பிரிப்பதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். புத்தகத்தை அசைக்கும் முன் வீட்டில் கையெழுத்து நோட்டு, சீட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இடத்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். 894.811 சீட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், உரிக்கும்போது முதுகுத் துணியும் சேர்ந்து வருகிறது. துண்டறிக்கையில் இப்போது "இருப்புப் பட்டியல்" என்றும் "பொருளடைவு (தனிக் கட்டணம்)" என்றும் இரண்டாகப் போட்டிருக்கிறார்கள். மாதிரிப் பக்கமாக எங்கள் வீட்டு க வரிசையைக் கேட்டார்கள், கொடுத்திருக்கிறோம்.

612 குறிப்புகளில் 611க்கு இடம் கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. கு பக்கத்தில், "கும்மிப் பாட்டு, ஆற்றங்கரை – அவளிடம் கேட்க" என்று இருந்தது. அலமாரி இல்லை, தட்டு இல்லை. அந்தப் பெண் பிள்ளை அடுக்களைக்குப் போய் மதினியிடம் கேட்டது. "அதுவா, அம்மா சொல்லிக் கொடுத்தது. பாதி மறந்துபோய்விட்டதே" என்றார் மதினி. நினைவிருந்த வரை பாடினார், அந்தப் பிள்ளை போனில் பதிவு செய்துகொண்டது. இடம் என்ற பத்தியில் "அடுக்களை" என்று போட்டார்கள். எண்ணிக்கை என்ற பத்தியில் என்ன போடுவது என்று பெரிய பையன் என்னைப் பார்த்தான். "பாதி" என்று எழுதச் சொன்னேன்.